ஏழாம் மேசையில் விழுந்த கல்

ஜனவரி 3, வெள்ளி

புத்தாண்டுத் தீர்மானப்படி ஒன்றாம் தேதி தொடங்கியிருக்க வேண்டிய டைரி. போன வருஷம் பதினேழாம் தேதிதான் தொடங்கினேன். அந்தக் கணக்கில் இது முன்னேற்றம்.

காலையில் ரூபாவதி அக்கா போன். எங்கள் கல்லூரி விடுதிக்குப் பொன்விழாவாம். பிப்ரவரி எட்டாம் தேதி பழைய மாணவிகள் எல்லோரும் கூடுகிறார்கள், விழா மலர் போடுகிறார்கள், அதில் நான் எழுதாவிட்டால் எவள் எழுதுவாள் என்றார். வாரப் பத்திரிகையில் வரும் என் நகைச்சுவைப் பத்தியை இன்றைக்கும் ஒன்றுவிடாமல் படிக்கிறாராம். அந்தப் பத்திரிகை நின்றுபோய் இரண்டு வருஷமாகிறது. புகழ்கிற வாயைத் திருத்தக்கூடாது என்று சும்மா இருந்துவிட்டேன்.

“தலைப்பு நானே தாரேன் வடிவு. விடுதியில பிள்ளைகள் குழு சேர்றது நல்லதா, கெட்டதா? நம்ம ஏழாம் மேசைய வச்சு எழுதுட்டி. படிச்சவ சிரிச்சு உருளணும்.”

உருட்டிவிடலாம். முப்பது வருஷமாக அந்த மேசையை வைத்துத்தானே பிழைக்கிறேன்.

ஜனவரி 6, திங்கள்

மிக்ஸி ஜாரில் பிளேடு கழன்றுவிட்டது. சட்னி அரைக்க முடியாததால் இலக்கியம் படைக்க உட்கார்ந்தேன். தொடக்கம் இப்படி:

‘எங்கள் மெஸ்ஸில் பத்து மேசைகள். ஏழாவது மேசை அடுப்படிக் கதவை ஒட்டி இருந்தது. தோசை முதலில் இறங்குவது அங்கேதான். ஒன்றாம் மேசையைப் போய்ச் சேரும்போது அது தோசையின் நினைவுச்சின்னமாகியிருக்கும். ஆனால் ஏழாம் மேசையில் நினைத்தவள் உட்கார முடியாது. ஏற்கெனவே இருப்பவர்கள் வாக்களிக்க வேண்டும். ஒரு தூக்குச்சட்டி, அதன்மேல் ஒரு துண்டு. ஆளுக்கொரு புளியங்கொட்டை, ஒரு கல். துண்டுக்குள் கையை விட்டு, வேண்டுமென்றால் கொட்டையைப் போடவேண்டும், வேண்டாமென்றால் கல்லை. மீந்ததை மூடிய கையோடு கொண்டுபோய் ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடவேண்டும். ஒரே ஒரு கல் விழுந்தாலும் அவள் அவுட். கல்லுக்குப் பஞ்சமே இல்லை. விடுதி அரிசி அதைத் தாராளமாக வழங்கியது.

‘நான் முதலாண்டு ஆகஸ்டிலேயே தேர்வாகிவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் மகள், அதோடு வாயாடி. “எங்கப்பா பச்சைக் கொடி காட்டாம திருச்செந்தூர் பாசஞ்சர் மூச்சுகூட விடாது” என்று நான் சொன்னபோது ரூபாவதி அக்காவுக்குச் சாம்பார் புரையேறியது. புரையேறிய அன்றே எனக்கு இடம் நிச்சயம்.’

என் வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார்.

“ஸ்டேஷன் மாஸ்டர்னே போடப்போறியா?”

“ஏன், போட்டா என்ன?”

“ஒண்ணுமில்ல” என்று பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் இருந்தவருக்கு எழுத்தாளரின் சுதந்திரம் எங்கே புரியும்?

ஜனவரி 10, வெள்ளி

நியாயமாக எழுதவேண்டும் என்று மேசையின் நன்மைகளைப் பட்டியல் போட்டேன். கேலிக்கு உட்கார்ந்தவள் கண் கலங்கிப்போனேன். அம்மை போட்டுக் கிடந்தபோது ஏழாம் மேசைதான் முறை வைத்து எனக்கு இளநீர் கொடுத்தது. முதல் மேடைப் பேச்சுக்கு ரூபாவதி அக்கா தன்னுடைய ஒரே பட்டுச் சேலையைக் கட்டிவிட்டார். கொசுவம் மடிக்க எனக்குத் தெரியாது என்பதை எவளிடமும் சொல்லவில்லை. ஊரிலிருந்து தனியாக வந்த பதினெட்டு வயதுக்காரிக்கு, ‘இவ நம்ம ஆளு’ என்று சொல்ல ஆறு பேர் இருப்பது சின்ன விஷயமா?

பிறகு, எல்லோரும் எதிர்பார்க்கும் ‘இருமல் கதை’. இதைச் சொல்லாவிட்டால் ரூபாவதி அக்கா கட்டுரையையே ஏற்கமாட்டார்.

‘நவம்பரில் எட்டாவது இடத்துக்கு ஒரு பெயர் வந்தது. சுயம்புக்கனி. என் அறைத்தோழி. பக்கத்து ஊர்க்காரி, ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சு. அவள் பெயரைச் சொன்னது நான்தான். சட்டியைக் கவிழ்த்தோம். ஆறு கொட்டை. பின்னாலேயே டங்கென்று ஒரு கல். ஏழு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். அந்த நேரம் பார்த்து ரூபாவதி அக்கா இருமினார். அன்றிலிருந்து விடுதியில் யார் இருமினாலும், “கல்லப் போட்டுட்டியாட்டி?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.’

நன்றாக வந்திருக்கிறது. பத்திரிகையில் எழுதியதைவிடக் கச்சிதம்.

சுயம்பு அந்த டிசம்பரிலேயே படிப்பை விட்டுப் போனதை எழுதவில்லை. நகைச்சுவைக் கட்டுரைக்கு அது பொருந்தாது.

ஜனவரி 13, திங்கள், போகி

பரணை ஒழித்தேன். விடுதிக்குக் கொண்டுபோன தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு சிவப்பு ரிப்பன், இரண்டு ரெக்கார்டு நோட்டு, அப்பாவின் அஞ்சலட்டை ஒன்று. நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். அட்டையைப் படிக்கவில்லை. மனப்பாடம்.

ஜனவரி 15, புதன், மாட்டுப்பொங்கல்

மகள் மிருதுளா கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறாள். பொறியியல் முதலாண்டு. மூன்று கிலோ அழுக்குத் துணியும் ஒரு அதிசயச் செய்தியும் கொண்டுவந்திருக்கிறாள்.

“மா, எங்க ஃப்ளோர்ல ஒரு கேங் இருக்குல்ல? அதுக்கு உன் புளியங்கொட்டைக் கதைய சொன்னேன். செம ஹிட்! அடுத்த வாரம் நாங்களும் அப்படித்தான் ஆள் எடுக்கப்போறோம். உன் பேருக்கு ராயல்டி கேக்காத.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்திரிகை நின்றாலும் படைப்பு நிற்கவில்லை பாருங்கள். சமையலறை டப்பாவிலிருந்து ஒரு கை புளியங்கொட்டை எடுத்துக் கழுவி, துடைத்து, பொட்டலம் கட்டினேன். இப்போதைய அரிசியில் கல் கிடையாது. துளசித் தொட்டியிலிருந்து பொறுக்கிக் கொடுத்தேன். பழைய தூக்குச்சட்டியையும் எடுத்துவைத்தேன். சீர்வரிசை மாதிரி இருந்தது.

“யாரை எடுக்கப்போறீங்க?”

“என் ரூம்மேட்ட கேக்குறாங்க. கௌசிகா. தாளவாடிப் பக்கம்.”

“நல்ல பிள்ளைன்னு சொன்னியே? முதல் மாசம் நீ வீட்டுக்கு வரணும்னு அழுதப்ப அவதானே பக்கத்துலயே உக்காந்திருந்தா?”

“மெதுவா சொல்லும்மா!” வீட்டில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருமில்லை. “அதெல்லாம் கேங்ல யாருக்கும் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். எல்லாமே தெரியும் அவளுக்கு.”

கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள். நானும் கடித்துக்கொண்டே கேட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

வீட்டுக்காரருக்குக் கால் கட்டைவிரல் வீங்கிவிட்டது. யூரிக் ஆசிட். உளுந்து வடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். உளுந்து வடை என்னைப் பார்த்தது.

ஜனவரி 23, வியாழன்

கட்டுரையை அனுப்பிவிட்டேன். “அருமைட்டி! இருமல்கிட்ட வந்ததும் எனக்கே இருமல் வந்துட்டு” என்று குரல்செய்தி அனுப்பினார் ரூபாவதி அக்கா.

சாயங்காலம் மிருதுளா பேசினாள். எடுத்த எடுப்பில் மெஸ்ஸில் பனீர் சரியில்லை என்றாள். அவளுக்குப் பனீர் பிடிக்கவே பிடிக்காது.

“ஓட்டு என்னாச்சு?” என்றேன்.

“ம்... கௌசிகாவுக்கு ஒரு கல்லு விழுந்துருச்சுமா.”

“ஐயோ. யாராம்?”

“எனக்கெப்படித் தெரியும்? சீக்ரெட்தானே.” பிறகு அவளாகவே சொன்னாள்: “அஞ்சலினு ஒருத்தி தும்முனா. அவதான்னு எல்லாரும் ஓட்டுறாங்க. செம காமெடி.”

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. யாருடையது என்று யோசித்துக்கொண்டே ரசத்துக்குக் கடுகு தாளித்தேன், கருகிவிட்டது.

ஜனவரி 27, திங்கள்

ரூபாவதி அக்கா மறுபடி போன்.

“ஒரு ஆச்சரியம் சொல்லுதேன், உக்காந்துக்கோ. சுயம்புக்கனி நம்பர் கிடைச்சிட்டு! உங்க ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்ணுல சத்துணவு அமைப்பாளரா இருக்கா. கூப்பிட்டேன். வாரேன்னுட்டா. வடிவு வருவாளான்னுதான் முதல்ல கேட்டா.”

“ஓஹோ” என்றேன். முப்பது வருஷம் சொற்களை வைத்துப் பிழைத்தவளுக்கு அதுதான் கிடைத்தது.

“அவளும் நம்ம மேசையிலதான் உக்காரணும். எட்டாவது நாற்காலி அப்படியே கிடக்குல்லா?”

மலரில் இருமல் கதையை எடுத்துவிடலாமே என்றேன். அச்சாகிவிட்டதாம்.

பிப்ரவரி 1, சனி

முழங்கால் வலி, பயணம் செய்ய முடியாது என்று ரூபாவதி அக்காவுக்குச் செய்தி தட்டினேன். அனுப்புமுன் வீட்டுக்காரரிடம் காட்டினேன், எழுத்துப்பிழை பார்க்க.

“எந்தக் காலு?” என்றார். நான் யோசிப்பதற்குள், “போயிட்டு வா” என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

சரி. இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

அப்பா பச்சைக் கொடி காட்டியது நிஜம். காட்டிய இடம்தான் வேறு. அவர் குரும்பூர்ப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் கேட் கீப்பர். கொடியும் விசிலும் ஒரு தகரக் கூண்டும். முதல் நாள் மெஸ்ஸில், “உங்கப்பா ரயில்வேல என்ன?” என்று கேட்டார்கள். சுற்றிலும் டாக்டர் மகள், மில்லுக்காரர் மகள். ‘ஸ்டேஷன் மாஸ்டர்’ என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதைச் சிரிப்பால் மூடினேன். நான் நகைச்சுவை எழுத்தாளரானது இப்படித்தான்.

சுயம்பு அதே கேட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் வந்தவள். அப்பாவின் கூண்டுக்குள் உட்கார்ந்து என்னோடு கருப்பட்டி தின்றவள். அறைத்தோழி பெயரை நான் சொல்வேன் என்று எல்லோரும் எதிர்பார்த்ததால் சொன்னேன். சட்டிக்குள் கையை விட்டேன்.

எறிந்த புளியங்கொட்டை ஜன்னல் கம்பியில் பட்டு உள்ளேயே விழுந்தது. காலால் மிதித்துக்கொண்டேன்.

அதன்பிறகு சுயம்பு மெஸ்ஸுக்கு முதல் மணிக்கு வருவதில்லை. தாமதமாக வருகிறவர்களுக்கான இரண்டாவது மணிக்குத் தனியாகப் போய் ஆறிய தோசையைத் தின்றுவிட்டு வருவாள். அறைக்குள் வந்ததும், “நீ சாப்டியா?” என்று என்னைக் கேட்பாள். நான்கு வாரம் கேட்டாள். பிறகு ஒருநாள் அவள் கட்டில் காலியாக இருந்தது.

அப்பாவின் அட்டை: ‘சுயம்புக்கனி பெட்டியுடன் பஸ்ஸில் போகிறது. கேட் அடைத்திருந்ததால் இறக்கி டீ வாங்கிக் கொடுத்தேன். முகம் சரியில்லை. கேட்டால் சொல்ல மறுக்கிறது. நீ விசாரித்து எழுது.’

எழுதவில்லை.

பிப்ரவரி 5, புதன்

மிக்ஸி ஜார் வந்துவிட்டது. முந்நூற்றைம்பது ரூபாய். அநியாயம்.

பிப்ரவரி 8, சனி

போனேன்.

விடுதிக்கு வண்ணம் அடித்திருக்கிறார்கள். மெஸ்ஸில் கிரானைட் மேசைகள். ஏழாவது மேசை இப்போது கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மதிப்புமிக்க இடமெல்லாம் கடைசியில் இப்படித்தான். ஏழு பேரில் ஐந்து பேர் வந்திருந்தோம். எடையைச் சேர்த்தால் ஏழு பேர் கணக்கு சரியாக வரும்.

சுயம்புக்கனி ஓர் ஓலைப்பெட்டியோடு வந்தாள். நரை, கண்ணாடி, நீலப் பருத்திச் சேலை. நேரே என்னிடம் வந்தாள்.

“சாப்டியா வடிவு?”

“இனிமேதான்” என்றேன்.

கருப்பட்டியை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் நூற்று நாற்பது பிள்ளைகள் சாப்பிடுகிறார்களாம். “எங்க ஸ்கூல்ல ஒரே மணிதான்” என்றாள் சிரித்துக்கொண்டே. யாரும் கவனிக்கவில்லை. கருப்பட்டி என் கையிலேயே உருகிக்கொண்டிருந்தது.

மலரை எடுத்து என் கட்டுரையைச் சத்தமாகப் படித்தார்கள். இருமல் இடத்தில் மேசையே குலுங்கியது. ஒருத்தி வேண்டுமென்றே இருமினாள். சுயம்பும் சிரித்தாள். “ஏன்க்கா, ஒரு இருமலுக்கா என்னை வெரட்டுனீய?” என்று ரூபாவதி அக்காவைக் கேட்டாள். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபடி சிரிப்பு. எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன்.

அப்போதுதான் மில்லுக்காரர் மகள் கேட்டாள்: “ஏ சுயம்பு, உனக்கு வடிவோட அப்பாவத் தெரிஞ்சிருக்குமே? ஸ்டேஷன் மாஸ்டரு?”

சுயம்பு என்னைப் பார்த்தாள். ஒரு வாய் தண்ணீர் விழுங்குகிற நேரம்தான்.

“தெரியாமயா? ஸ்டேஷன் மாஸ்டர் சார் கொடி காட்டாம எங்க ஊர்ல ஒரு வண்டி நகராது” என்றாள். “நான் பெட்டியத் தூக்கிட்டு ஊருக்குத் திரும்புனம்லா, அன்னைக்கு அவருதான் டீ வாங்கித் தந்தாரு. பெரிய மனுஷன்.”

சொல்லிவிட்டுக் கருப்பட்டித் துண்டு ஒன்றை என் இலை ஓரத்தில் வைத்தாள்.

அன்றைக்கும் இதைத்தான் சொல்லியிருப்பாள். கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பாள். மூன்று வருஷமும் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருப்பாள்.

நாலு மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பினாள். வாசல்வரை போனேன். “சுயம்பு” என்றேன். “ம்?” என்று நின்றாள். “கருப்பட்டி நல்லாருந்துச்சு” என்றேன். ஐம்பது வயதுக்காரி பேசுகிற பேச்சா இது?

திரும்பி வந்தபோது ரூபாவதி அக்கா தனியாக நின்றிருந்தார்.

“பாவம்ட்டி அவ, உனக்காகப் பொய் சொல்லுதா. உங்கப்பா கேட்டுல இருந்தது எனக்கு அப்பவே தெரியும். நாந்தானே மெஸ் செக்ரட்டரி? உன் விண்ணப்பத்த அடுக்கி வச்சதே நான். மேசையில எல்லாருக்கும் தெரியும். ஆசையாச் சொல்லுதாளேன்னு விட்டோம்.”

நான் மலரைச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தேன்.

“கல்லு யாருன்னுதான் இன்னைக்கு வரைக்கும் தெரியல. எல்லாரும் நாந்தான்னு நினைக்காளுவ. நினைச்சுட்டுப் போட்டும்” என்று சொல்லி இருமினார். நிஜ இருமல். குளிர்காலத்தில் அவருக்கு எப்போதும் வரும். சட்டியைக் கவிழ்த்த அன்றைக்கும் வந்திருக்கிறது.

ஆட்டோ வந்துவிட்டது. “வாரேன்க்கா” என்று ஏறிவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை முழுக்கத் துணி மடித்தேன். மடித்ததையே இரண்டாவது முறை மடித்தபோது வீட்டுக்காரர் வந்து கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் மிருதுளாவைக் கூப்பிட்டேன். ரீயூனியன் எப்படி, மொக்கையா என்று கேட்டாள்.

“தாத்தா ஸ்டேஷன் மாஸ்டர் இல்லடி. கேட் கீப்பர்.”

“தெரியும்மா. அப்பா எப்பவோ சொல்லிட்டார். நீயா சொல்ற வரைக்கும் கேக்கக்கூடாதுன்னார்.”

இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் என் ரகசியம் ரகசியமாக இருந்திருக்கிறது.

“அந்தக் கதையில ஒரு கல்லு வருதுல்ல.”

“ஆமா, இருமல் அக்கா.”

“அக்கா போடலடி. நான் போட்டேன்.”

அந்தப் பக்கம் யாரோ வாளி நிரப்பும் சத்தம் கேட்டது. குழாயை மூடும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். நீ செய்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதையும் இல்லை. புளியங்கொட்டையைக் கழுவித் துடைத்துக் கொடுத்தவள் நான்.

“கௌசிகா எங்க?” என்றேன்.

“ரூம்ல இல்லமா. இப்பல்லாம் எங்ககூட சாப்பிட வர்றதில்ல. லைப்ரரில இருந்துட்டு லாஸ்ட் பேட்ச்சுக்குத்தான் மெஸ் போறா.”

“லாஸ்ட் பேட்ச் எத்தனை மணிக்கு?”

“எட்டே காலுக்கு.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு இருபது.

“நீ சாப்டியா?” என்றேன்.

“இன்னும் இல்ல.”

“சரி” என்றேன். “இன்னும் நேரம் இருக்கு.”